லீ-ஆன்-சீயில் இறங்கிய குடும்பங்கள்

கிழக்கு லண்டன் தமிழருக்கு சவுத்எண்ட் என்றால் ஓகஸ்ட் மாதம்தான். வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புரியாணிச் சட்டியோடு இரண்டு கார், கார் விட இடம் தேடி ஒரு மணித்தியாலம், மண்ணோடு சேர்த்துச் சாப்பிட்ட சிக்கன், திரும்பி வரும்போது ஏ13-இல் நெரிசல். ஸ்கூல் தொடங்கிவிட்டால் அடுத்த வருஷம்வரை அந்தப் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆனால் அந்தக் கடற்கரைக்குப் பெரிய கூட்டம் வருவதே அதற்குப் பிறகுதான். ஒக்டோபரில் சைபீரியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். விசா கேட்க ஆள் இல்லை.

சவுத்எண்டுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது லீ-ஆன்-சீ. பார்க்கிங் ஸ்டேஷனில் (ஊர்ப் பெயர்தான், கார் விடுகிற பார்க்கிங் இல்லை) சீ-டூ-சீ ட்ரெயின் ஏறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து பிள்ளைகளின் நடைக்கு 20 நிமிஷம். ஒரு சின்னப் பாலம் தாண்டினால் டூ ட்ரீ ஐலண்ட். எசெக்ஸ் வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் பார்த்துக்கொள்ளும் இடம். தீவின் கிழக்குப் பக்கம் லீ தேசிய இயற்கைக் காப்பகத்தில் சேர்ந்தது.

தீவு என்றதும் அழகாகக் கற்பனை பண்ணாதீங்கோ. 18-ஆம் நூற்றாண்டில் உவர்ச் சதுப்பைச் சுற்றி மதில் கட்டி மாடு மேய்த்த நிலம். போன நூற்றாண்டில் அதைச் சவுத்எண்டின் குப்பை மேடாக்கினார்கள். கரையோரம் இன்றைக்கும் பழைய கண்ணாடித் துண்டு எட்டிப் பார்க்கும், ஆகையால் பிள்ளைகளுக்கு நல்ல சப்பாத்து கட்டாயம். குப்பைக்கு மேல் புல் முளைத்து, முட்செடி முளைத்து, இப்போது பறவை பார்க்கிறவர்கள் ஆயிரம் பவுண் கமராவோடு நிற்கிறார்கள்.

நாங்கள் போனது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் தமிழ்ப் பள்ளி. அதை விட்டுவிட்டுத்தான் போனோம். காரணம் கடல். தேம்ஸ் நதி முகத்தில் பெருக்குக்கும் வற்றுக்கும் நடுவே ஆறு மீற்றர்வரை வித்தியாசம் வருகிற நாட்கள் உண்டு. வற்று நேரத்தில் போனால் ஒன்றரை, இரண்டு கிலோமீற்றருக்கு வெறும் சேறு. பறவை எல்லாம் அதன் அந்தத்தில் மிளகு தூவின மாதிரித் தெரியும். பெருக்கு ஏற ஏறத்தான் தண்ணீர் அவற்றைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். பெருக்குக்கு இரண்டு மணித்தியாலம் முன்னால் போய் உட்கார வேண்டும். அது அன்றைக்கு மத்தியானம் விழுந்தது. தமிழ்ப் பள்ளியின் நேர அட்டவணையைக் கேட்டுக் கடல் பெருகுவதில்லை.

உண்மையைச் சொன்னால், எட்டு வயது மகளுக்கு இதில் பெரிய சந்தோஷம். இரண்டு மாதமாக அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: தமிழ்ப் பள்ளியை எப்போது நிறுத்தலாம்? அதே நேரத்தில் ஸ்விம்மிங் கிளாஸில் இடம் கிடைக்கிறது, அவளுடைய சிநேகிதிகள் எல்லாரும் அங்கே. நான் "பார்ப்பம்" என்று சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறேன். இந்தப் பத்தியைப் படிக்கிற பாதிப்பேருக்கு இந்தப் "பார்ப்பம்" நல்லாய்த் தெரிந்திருக்கும்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மீன் ரோல்ஸும் ஃபிளாஸ்கில் பால் தேத்தண்ணியும் அவவின் பொறுப்பு. ஆறு வயது மகன் தூரக்கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்து, அம்மம்மா ரொம்பத் தூரத்தில் நிற்கிறா என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான்.

முதலில் சத்தம்தான் வந்தது. தொண்டைக்குள் உருளுகிற "ர்ரொங்க், ர்ரொங்க்". ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில், தாழ்ந்த குரலில், நிறுத்தாமல். "மடுத் திருவிழாவில விடியக்காலம சனம் எழும்பிக் கதைக்கிற மாதிரிக் கிடக்கு," என்றா அம்மா. அவ மன்னார், வங்காலை. மடுவில் கூடாரம் போட்டுப் படுத்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

பிரெண்ட் கூஸ். தமிழில் இதற்கென்று வழக்கில் உள்ள பெயர் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. நம் பக்கம் வருகிற பறவை இல்லையே. அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு "கறுத்த வாத்து" என்று முடித்துவிட்டா. சாதாரணத் தாரா அளவுதான். தலை, கழுத்து, நெஞ்சு எல்லாம் கரி. வாலடி மட்டும் பளிச்சென்று வெள்ளை. கழுத்தில் சேர்ட் கொலர் மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் பட்டை.

இவை வருவது ரஷ்யாவின் வட உச்சியில், தைமிர் தீபகற்பத்திலிருந்து. 4,000 கிலோமீற்றருக்கு மேல். வெண்கடல், பால்டிக் கடல், ஹாலந்து, ஜேர்மனிக் கரைகள் என்று இறங்கி இறங்கி வந்து சேர்கின்றன. லீயில் இறங்குவதற்குக் காரணம் சாப்பாடு. அந்தச் சேற்றில் கடற்புல் முளைக்கிறது. (அம்மா அதைப் பார்த்ததும் "சாதாழை" என்றா.) 1930-களில் அந்தப் புல்லுக்கு ஒரு நோய் வந்து அட்லாண்டிக் கரை முழுக்க அழிந்தது. வேட்டையும் சேர்ந்துகொள்ள, 1950-களில் உலகத்திலேயே இந்தக் கறுத்த வாத்து சுமார் 15,000-தான் மிஞ்சியது. 1954-இல் பிரித்தானியா சுடக்கூடாது என்று சட்டம் போட்டது. மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இப்போது இரண்டு லட்சத்துக்கு மேல். நடுவில், 1970-களின் தொடக்கத்தில், இந்தக் கரைக்குக் கிழக்கே மாப்ளின் சேற்றுப் பரப்பில் லண்டனின் மூன்றாவது விமான நிலையம் கட்ட அரசாங்கம் முடிவெடுத்து, 1973-இல் சட்டமும் நிறைவேற்றி, 1974-இல் காசில்லாமல் கைவிட்டது. கட்டியிருந்தால் நம்மில் பலருடைய அப்பா அம்மா ஹீத்ரோவில் இறங்காமல் இந்த வாத்துக்களுக்கு நடுவில் இறங்கியிருப்பார்கள்.

பிள்ளைகளுக்குப் பறவை காட்டப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பெயர்ப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகாதீங்கோ. பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். எண்ணுவதற்கு ஏதாவது கொடுங்கோ. நான் மகளுக்குக் கொடுத்த வேலை, குஞ்சுகளை எண்ணுவது. ஒக்டோபரில் இந்த வருஷக் குஞ்சு பெரிய பறவை அளவுக்கு வளர்ந்திருக்கும். ஆனால் கழுத்தில் அந்த வெள்ளைக் கொலர் இன்னும் வந்திருக்காது. மடித்த இறக்கையில் மூன்று நாலு வெள்ளைக் கோடு இருக்கும், கொப்பியில் கோடு போட்ட மாதிரி. ஒரு தடவை கண் பழகிவிட்டால் பிறகு தப்பாது.

இது வெறும் விளையாட்டு இல்லை. ஆராய்ச்சியாளர்களும் ஒவ்வொரு இலையுதிர் காலமும் இதைத்தான் எண்ணுகிறார்கள். தைமிரில் லெமிங் என்று ஒரு சின்ன எலி வகை இருக்கிறது. மூன்று நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அது கண்டபடி பெருகும். அந்த வருஷம் பனி நரிக்கு எலியே வயிறு நிறையக் கிடைப்பதால் வாத்து முட்டையை விட்டுவிடும். பனி ஆந்தையும் எலிக்காக அங்கே வந்து கூடு வைக்கும். ஆந்தை தன் கூட்டுக்குக் கிட்ட நரியை அண்ட விடாது என்பதால், அதன் பக்கத்தில் போய்க் கூடு வைக்கிற வாத்துக்களும் உண்டு. எலி விழுந்த வருஷத்தில் நரி குஞ்சு முட்டை எல்லாவற்றையும் தின்றுவிடும். அந்த வருஷம் லீயில் எண்ணினால் குஞ்சே இராது, கிழடுகள் மட்டும். அங்கே எலிக்கு என்ன நடந்தது என்பதை எசெக்ஸ் சேற்றில் உட்கார்ந்து கண்டுபிடிக்கலாம்.

மகள் 200 பறவை எண்ணி, அதில் 17 குஞ்சு என்று எழுதினாள். அதைவிட அவள் கண்டுபிடித்த இன்னொன்றுதான் எனக்குப் பிடித்தது. கோடு போட்ட குஞ்சுகள் கூட்டம் முழுக்கச் சிதறி நிற்கவில்லை. மூன்று, இரண்டு, நாலு என்று திரளாக நின்றன, ஒவ்வொரு திரளுக்கும் இரண்டு கொலர் போட்ட பெரிசுகள். அது சரிதான். இந்த வாத்துக்கள் முதல் குளிர்காலம் முழுக்கக் குடும்பமாகவே இருக்கும். எங்கே இறங்குவது, எந்தச் சேற்றில் புல் இருக்கிறது என்று குஞ்சுக்குப் பிறக்கும்போதே தெரியாது. தாய் தகப்பனோடு ஒரு தடவை பறந்து வந்துதான் பழகுகிறது. இன்னொன்றும் உண்டு. கூட்டத்தில் சாப்பாட்டுக்குச் சண்டை வந்தால் பிள்ளை குட்டியோடு நிற்கிற சோடிதான் ஜெயிக்கும். தனிக்கட்டை பின்வாங்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் ஏற ஏற, சின்னப் பறவைகள் எல்லாம் சேற்று நாக்கு ஒன்றில் நெருக்கியடித்து ஏறி நின்றன. பவளக்காலி, பட்டைவால் மூக்கன், கூட்டமாய் எழும்பித் திரும்பும் சின்ன உள்ளான்கள். அம்மாவுக்கு எல்லாமே "உள்ளான்"தான், ஒரே சொல்லில் வேலை முடிந்தது. ஒரு வெள்ளைக் கொக்கு பறந்து போனபோது மட்டும் அவ எழும்பி நின்று இரண்டு கை நகத்தையும் அதற்குக் காட்டினா. பூ கேட்கிறாவாம். மகனும் கையைத் தூக்கினான். பக்கத்தில் டெலஸ்கோப் வைத்திருந்த வெள்ளைக்காரப் பெரியவர் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். அந்தக் கொக்கும் இந்த நாட்டுக்குப் புதுசுதான், பிரித்தானியாவில் முதன்முதலில் கூடு வைத்ததே 1996-இல். இப்போது தேம்ஸ் கரையெல்லாம் நிற்கிறது.

இந்த உள்ளான் வகையில் பலதின் கதை வாத்துக்கு நேர் எதிர். ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்ததும் பெரிசுகள் முதலில் கிளம்பிவிடும். குஞ்சுகள் பல வாரம் பின்னால், வழி காட்ட ஒருத்தரும் இல்லாமல், தங்கள் வயசுக்காரரோடு மட்டும் வரும். 2022 ஒக்டோபரில் அலாஸ்காவிலிருந்து ஐந்து மாத வயதுப் பட்டைவால் மூக்கன் ஒன்று, முதுகில் கட்டிய கருவியோடு, 11 நாள் எங்கேயும் இறங்காமல் 13,560 கிலோமீற்றர் பறந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. அதற்கு வழி உடம்பிலேயே எழுதியிருக்கிறது.

இதை நான் சொல்ல, மகள் கேட்டாள்: "ஸோ தே டோன்ட் நீட் லெஸன்ஸ்?"

"அதுகளுக்கு வேண்டாம்," என்றேன். "வாத்துக்கு வேணும்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் தமிழ்ப் பள்ளியைப் பற்றிச் சொல்கிறேனோ என்று சந்தேகம். சத்தியமாக அந்த நேரம் நான் வாத்தைப் பற்றித்தான் சொன்னேன்.

அம்மாவுக்கு நான் சொல்ல ஆசைப்பட்டது வேறொன்று. சில வருஷத்துக்கு முன்னால் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கடற்காகங்களுக்கு ஜி.பி.எஸ் கட்டி விட்டார்கள். அவை இந்தியா தாண்டி, மத்திய ஆசியா தாண்டி, ரஷ்யாவின் வட கரையில் யமால் தீபகற்பத்தில் போய் நின்றன. தைமிர் இருப்பது அதற்குக் கிழக்கே, அதே கடலோரம். நாமத்தலை வாத்தும் அப்படித்தான். ஆண் வாத்தின் செம்பழுப்புத் தலையில் நெற்றியிலிருந்து மஞ்சள் நாமம் போட்ட மாதிரி இருக்கும் என்பதால் தமிழ்நாட்டில் அந்தப் பெயர். அன்றைக்கு லீயில் நாற்பது ஐம்பது நின்றன. அதே இனம் குளிர்காலத்தில் வங்காலைக் களப்பில் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். வங்காலையை 2008-இல் சரணாலயமாக்கி 2010-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நாம் உட்கார்ந்திருந்த கரையும் அதே பட்டியலில் உண்டு. "உங்கட ஊருக்கு வாறதும் இஞ்ச வாறதும் ஒரே பக்கத்து ஆக்கள் அம்மா," என்றேன். "எங்களுக்கென்ன தெரியும்," என்றா. "மாரியில வரும், பிறகு போயிடும். எங்க போகுதெண்டு ஆர் கேட்டது."

பெருக்கு உச்சத்துக்கு வந்தபோது அந்தச் சேற்று நாக்கு துண்டிக்கப்பட்டுத் தனித் தீவாகிவிட்டது. மேசை அளவு இடத்தில் நூறு பறவை. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சும்மா கேட்டாள்: "அம்மம்மா, வேர் யூ எவர் ஸ்டக் ஆன் அன் ஐலண்ட்?"

"ஓம், ஒருக்கா. திட்டில விட்டிட்டுப் போயிட்டாங்கள்."

மகள் என் பக்கம் திரும்பி இரகசியமாகக் கேட்டாள்: "யார் அம்மம்மாவைத் திட்டினது?"

அம்மா முதலில் சிரித்தா. பிறகு, தண்ணீருக்கு நடுவில் நின்ற சேற்றைக் கை நீட்டிக் காட்டினா. "உதுதான் பிள்ளை திட்டு. கடலுக்க மண் மேடு. மன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் நடுவில வரிசையாக் கிடக்கு."

1990-இல் அவ இந்தியாவுக்கு வள்ளத்தில் போனது எனக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும். வீட்டில் அது ஒரு வரிக் கதை: "தொண்ணூறில வள்ளத்தில போனனாங்கள்." அன்றைக்குத்தான் மிச்சம் வந்தது. ஓட்டி நேவிக்குப் பயந்து இராமேஸ்வரம்வரை போகவில்லை. இருட்டில் ஒரு திட்டில் எல்லாரையும் இறக்கி, விடிய இந்தியப் பக்கத்து வள்ளம் வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டான். அம்மாவுக்கு 19 வயது. தம்பி, தாய், தகப்பன், வேறு இரண்டு குடும்பம். ஒரு கலன் தண்ணி. மரம் இல்லை, நிழல் இல்லை. பெருக்கு எவ்வளவுக்கு ஏறும் என்று அம்மாவின் தகப்பன் இராத்திரி முழுக்கத் தடி நட்டு நட்டுப் பார்த்தாராம்.

"விடிஞ்சாப்பிறகுதான் பாத்தம். கால் வைக்க இடமில்லை. எல்லா இடமும் முட்டை."

"வாட்? எக்ஸ்?"

"ஆலா முட்டை. மண்ணுக்குள்ள சும்மா போட்டுக் கிடக்கு, புள்ளி புள்ளியா. நாங்கள் நடந்தா அதுகள் கத்திக் கத்தி வந்து தலையில கொத்தும். தம்பி துவாயால தலையை மூடிக்கொண்டு அழுதவன். எனக்கு ஒரே சிரிப்பு. அப்பா பேசினவர், என்ன நேரத்தில சிரிக்கிறாய் எண்டு."

மன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான அந்தத் திட்டுகள் ஆலாக்கள் கூட்டமாக முட்டையிடும் இடங்கள். 2015-இல் இலங்கைப் பக்கத்துத் திட்டுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அது எனக்கு முன்பே தெரியும். அதற்குள் என் அம்மா நின்றது தெரியாது.

மகள் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள், பாதி இங்கிலீஷ், பாதி தமிழ். பசிக்கவில்லையா, டாய்லெட் எங்கே, முட்டையைச் சாப்பிட்டீங்களா. "ஓட்டி", "கலன்", "துவாய்" மூன்றையும் நான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு எதைப் பற்றியாவது அவர்கள் இரண்டு பேரும் இவ்வளவு நேரம் கதைத்து நான் பார்த்ததில்லை. வாத்து எண்ணிய பக்கத்தின் அடியில் அவள் எழுதி வைத்ததை வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன். "திட்டு" என்று தமிழில். கீழே ஒன்று, இரண்டு என்று இரண்டு அர்த்தம் இங்கிலீஷில். ட்டு-வில் ஒரு புள்ளி குறைவு. நான் திருத்தவில்லை.

போகிறவர்களுக்கு: லீ அல்லது சவுத்எண்ட் பெருக்கு நேரத்தை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கோ. தீவில் கடை இல்லை, ஆகவே டாய்லெட் வேலையெல்லாம் லீயில் முடித்துவிடுங்கோ. காற்று கன்னத்தை அறுக்கும், தொப்பி இரண்டு போட்டாலும் தப்பில்லை. சேற்றுக்குள் ஒரு அடிகூட இறங்க விடாதீங்கோ. இடுப்புவரை இழுக்கும், பெருக்கு நடையைவிட வேகமாக வரும். ஹாஃப்-டேர்ம் விடுமுறை நல்ல தருணம், வாத்து அதிகம் இருப்பது அப்போதுதான். கடற்புல் தீர்ந்தால் அவை வயல்பக்கம் பிரிந்து போய்விடும். திரும்பும்போது ஓல்ட் லீயில் மட்டி விற்கிற கொட்டில்கள் இருக்கின்றன. அம்மா ஒரு கிண்ணம் வாங்கி, வினாகிரி காணாது, மிளகாய்த்தூள் வேணும் என்று தீர்ப்புச் சொன்னா.

திரும்பும் ட்ரெயினில் மகன் நித்திரை. மகள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலோடு, அம்மாவைக் கேட்டாள். இந்தத் தடவை தமிழில்.

"அம்மம்மா, அங்க எத்தனை முட்டை?"

"எண்ணத் தொடங்கினன் பிள்ளை. முப்பதுமட்டும் எண்ணினன். அதுக்குள்ள வள்ளம் வந்திட்டுது."